இதுவா, முன்னாடி இருந்ததா?

என்ஜின் மேலே போனது. கூடவே காரும் போனது.

கைக் கிரேனின் பிடியை அமுக்கி அமுக்கித் தூக்கிக்கொண்டிருந்த மச்சினன் இதைக் கவனிக்கவில்லை. அவன் கவனமெல்லாம் புடைத்து எழும் தன் புஜத்தின் மேல் இருந்தது. கண்ணாடிக்கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். சிவப்புக் காரின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பி, இடுப்பில் தூக்கிய குழந்தையின் கால்கள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

“நிறுத்துடா.”

“ஏன் அத்தான், நல்லாத்தானே வருது?”

“என்ஜின் மட்டும்தான் வரணும். கார் எதுக்கு வருது?”

மச்சினன் குனிந்து பார்த்தான். கொஞ்சம் யோசித்தான். “பாசம் அத்தான். இத்தனை வருஷம் ஒண்ணா இருந்திருக்கு. லேசுல விட்டுடுமா?”

பாசம் ஒன்றும் இல்லை. அடியில் ஒரு போல்ட்டைக் கழற்ற மறந்திருந்தார்கள். அதைக் கழற்ற வேண்டுமானால் காரைக் கீழே இறக்க வேண்டும். மெதுவாக இறக்கு என்று அவர் சொல்வதற்குள் மச்சினன் கிரேனின் திருகைத் திறந்துவிட்டான். கார் மொத்தமாக வந்து இறங்கியது. ஷெட்டை ஒட்டியிருந்த சமையலறையில் ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து, வெகுநேரம் சுற்றி, நின்றது.

“என்னங்க விழுந்தது?” மனைவியின் குரல்.

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லாததுக்கா ஜன்னல் ஆடுது?”

கொஞ்ச நாளாகவே மனைவியின் கேள்விகளுக்கு அவரிடம் பதில் கைவசம் இருப்பதில்லை.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாழ்நாளில் அவர் திருகியதிலேயே பெரிய திருகாணி, கண்ணாடியின் காதுக்கம்பியில் இருப்பது. அது கீழே விழுந்தால் தேடுவதற்கே இன்னொரு கண்ணாடி வேண்டும். அப்படிப்பட்ட மனிதர், ஒரு ஆள் கனத்துக்கும் மேலான இரும்பை வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று இறங்கினார் என்றால், அதற்குக் காரணம் தைரியம் இல்லை. குற்ற உணர்ச்சி.

மனைவி வீடு வீடாகப் போய், பக்கவாதம் வந்தவர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும் கைகால் பயிற்சி கொடுப்பவள். அதற்கென்று ஒரு மடக்குக் கட்டில், ரப்பர் பட்டைகள், பந்துகள், ஊன்றுகோல்கள் என்று ஒரு சின்னக் குடித்தனத்தையே கூடக் கொண்டுபோக வேண்டும். இத்தனை வருஷமாக அவளையும் அந்தக் குடித்தனத்தையும் சுமந்தது ஒரு நீளமான பழைய வேகன் கார். மனைவி அதைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். பருமன், நிதானம், தொண்டை கரகரப்பு, யார் வந்தாலும் இடம் கொடுக்கும் மனசு எல்லாம் பெரியம்மாவுக்கு உண்டு என்பது அவள் கட்சி.

கணவர் அதை எருமை என்று கூப்பிடுவார். மேட்டில் ஏறும்போது அதற்கு மூச்சு வாங்கும். அவருக்கு மானம் போகும். ஒருமுறை சைக்கிளில் போன ஒருவர் பக்கத்தில் வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார். அதை அவர் மறக்கவே இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் அந்தச் சிவப்புக் காரைப் பார்த்தார். இரண்டே இருக்கை. தரையோடு தரையாக ஒரு உடம்பு. விசையைத் தட்டினால் முன்விளக்குகள் இரண்டும் இமை திறப்பதுபோல் எழுந்து பார்க்கும். கண்ணையே பார்த்துப் பிழைக்கிற மனிதர், அந்தப் பார்வையில் விழுந்தே போனார். எருமையைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட்டு, சிவப்பை வாங்க ஏற்பாடு செய்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில்தான் விஷயத்தைச் சொன்னார்.

“பெரியம்மாவை வித்துட்டீங்களா?”

அவள் கேட்ட குரலுக்குப் பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, “எந்தப் பெரியம்மாவை?” என்று விசாரித்தார்.

மறுநாள் காலையில் காயலான் கடையிலிருந்து வண்டியை எடுக்க ஆள் வந்தபோது, அவர் கடையைச் சீக்கிரமே திறக்கப் போய்விட்டார். மனைவி மட்டும் வாசலில் நின்றாள். வண்டியை இழுத்துப்போவதற்கு முன் பெரியம்மாவின் கியர்க் கம்பியின் உச்சியில் இருந்த கறுப்புக் குமிழைத் திருகி எடுத்துக்கொண்டாள். உள்ளங்கை பட்டுப் பட்டுப் பளபளத்துப்போன குமிழ். அதைச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். அன்றிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அது அவரைப் பார்த்தது.

சிவப்புக் கார் ஒரு வாரம்கூட ஓடவில்லை. நாற்சந்தி நடுவில் ‘கர்ரக்’ என்று ஒரு சத்தம் போட்டு நின்றது. பார்த்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். உள்ளே எல்லாம் இறுகிப்போய்விட்டது, இந்த ஜாதி என்ஜின் இப்போது எங்கேயும் கிடைக்காது, வேறு ஏதாவது என்ஜினை வைத்துவிடுங்கள் என்று, தலையணை உறை மாற்றுவதுபோல் சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி திட்டவில்லை. அதுதான் பிரச்சினையே. திட்டியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அவள் மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள். கண்டக்டர் கட்டிலுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னதாக வந்து சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்த வாரம்தான் ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்த இடத்து வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

“போகப்போறியா?”

“இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை பதில் சொல்லணும். பஸ்ல இப்படியே எத்தனை நாளைக்குத் தூக்கறது?”

“உனக்குப் பிடிச்சிருக்கா?”

“பக்கவாதத்துல படுத்திருந்த பேக்கரிக்காரர் இப்பத்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வந்தாரு. வேற ஆள் போனா படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறாராம்.”

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் காலை ஒடித்ததே நான்தான் என்று தோன்றியது. உடனே காயலான் கடைக்குப் போன் போட்டார்.

“ஒரு நல்ல உயிருள்ள என்ஜினா, கியர்பாக்ஸோட அனுப்புங்க. நான் உங்க தலையில கட்டினேனே ஒரு எருமை, அந்த மாதிரி மட்டும் வேண்டாம்.”

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: “பாரு, அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ என் பக்கத்துல உட்கார்ந்து வரப்போறே. திங்கட்கிழமை காலையில நானே உன்னை ஒவ்வொரு வீடாக் கூட்டிட்டுப் போறேன்.”

“என் கட்டில்?”

“மடியில வச்சுக்கோ.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீட்டிக்க வேண்டும் என்று அன்றைய கடைக் கதை ஒன்றை எடுத்துவிட்டார். கண் பரிசோதனையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இது நல்லாருக்கா, முன்னாடி இருந்தது நல்லாருக்கா?” என்று கேட்பார் அல்லவா, அதில் அவருக்கு ஒரு குறும்பு உண்டு. நடுவில் ஒருமுறை மாற்றுவதுபோல் பாவனை செய்து, அதே லென்ஸையே திரும்பவும் போடுவார். கண்ணால் பார்த்துச் சொல்கிறவர் யார், வாயால் மட்டும் சொல்கிறவர் யார் என்று அதில் தெரிந்துவிடும்.

“இன்னிக்கு ஒரு பேராசிரியர் வந்தாரு. அதே லென்ஸைத் திரும்பப் போட்டேன். ‘ஆகா, இதுதான். முன்னாடி இருந்தது படுமோசம்’ங்கறாரு.”

“நீங்க அவர்கிட்ட உண்மையைச் சொன்னீங்களா?”

“சொன்னா மனசு கஷ்டப்படாதா? சரிங்க சார்னு சொல்லிட்டேன்.”

மனைவி தட்டுகளை எடுத்து அடுக்கினாள். “நாளைக்கு அந்தக் காயலான் கடை வழியாத்தான் போறேன். என்ஜினைப் பத்தி நானும் ஒரு வார்த்தை ஞாபகப்படுத்திட்டு வரேன்.”

எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே அவர் எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார்.

அப்படி வந்து சேர்ந்ததுதான், இப்போது ஷெட்டின் மூலையில் தார்ப்பாயின் மேல் உட்கார்ந்திருக்கும் புது என்ஜின். புது என்றால் அவர்களுக்குப் புது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதையும் கிரேனையும் லாரியில் கொண்டுவந்து இறக்கிய ஆள் அதிகம் பேசாதவர். எதற்கும் “அப்படிங்களா” என்பார்.

“போன மாசம் ஒரு எருமையை உங்க கடைக்கு அனுப்பினேன், தெரியுமா?” என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

“அப்படிங்களா.”

“அதோட என்ஜின் இருக்கே, அதுக்குப் பதிலா உள்ளே ரெண்டு கிழவர்களை வச்சு மிதிக்கவிட்டிருக்கலாம்.”

“அப்படிங்களா” என்ற லாரிக்காரர், சமையலறை ஜன்னலை ஒருமுறை பார்த்தார். அங்கே மனைவி மும்முரமாக ஒரு தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து கிரேனை எடுத்துக்கறேங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்ஜினுக்கு மேலிருந்து கீழ்வரை வெள்ளிப் பூச்சு அடித்திருந்தது. மச்சினன் அதைச் சுற்றி வந்து, நகத்தால் சுரண்டி, தலையை ஆட்டினான். அவன் விற்பது தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம். ஆனால் அவனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது.

“பெயிண்ட் அடிச்சு எதையோ மறைச்சிருக்காங்க அத்தான். ரேஸ்ல ஓடின என்ஜினை இப்படித்தான் அடையாளம் தெரியாம விப்பாங்க.”

“நிஜமாவா?”

“நான் சொல்றேன் பாருங்க.”

அவன் சொன்னது ஒருபக்கம் இருக்க, அந்த என்ஜினோடு அவருக்கு முதல் நாளே ஒரு ஒட்டுதல் ஏற்பட்டது என்பது உண்மை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை மச்சினன் இழு இழு என்று இழுத்தும் வரவில்லை. அவர் கையை நீட்டி, இடப்பக்கம் லேசாகத் திருகி, ஒரு சுண்டு சுண்டினார். வந்துவிட்டது.

“எப்படி அத்தான்?”

“தெரியலைடா. கை தானாப் போச்சு.”

பின்பக்கம் கண்ணுக்கே தெரியாத இடத்தில் ஒரு போல்ட் இருந்தது. அதையும் அவர் விரல், பார்க்காமலே போய்த் தொட்டது. சிலருக்கு மாடு பிடிபடும், சிலருக்குப் பாட்டு பிடிபடும். தனக்கு என்ஜின் பிடிபடும்போல் இருக்கிறது, இத்தனை வருஷம் கண்ணாடித் தூசியைத் துடைத்தே வீணாகப் போய்விட்டோமே என்று அவருக்கு உள்ளூரப் பெருமையும் வருத்தமும் ஒன்றாக வந்தன.

திங்கட்கிழமை சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்து, என்ஜினைக் காருக்குள் இறக்கினார்கள். அழகாக உட்கார்ந்தது. பானெட்டை மூடினார்கள். மூடவில்லை. என்ஜினின் தலை வலதுபக்கமாக மேலே துருத்திக்கொண்டு நின்றது.

“இன்னும் கீழே இறக்கி வைப்போம்” என்றான் மச்சினன்.

மறுநாள் தாங்கிகளை மாற்றி, கீழே இறக்கினார்கள். பானெட் மூடியது. ஆனால் என்ஜினின் அடியில் இருந்த ஆயில் தொட்டி, ஸ்டியரிங் கம்பியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பலாம். வலதுபக்கம் திருப்ப முடியாது.

“இடதுபக்கம் மட்டும் திரும்பற வண்டியை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?”

“யோசிச்சுப் பாருங்க அத்தான். இடது, இடது, இடதுன்னு திரும்பினா வீட்டுக்கு வந்துடலாம்.”

“வீட்டுக்கு வர்றதுக்கு எதுக்குடா கார்? நான் வீட்லதானே இருக்கேன்.”

என்ஜினை மறுபடி மேலே ஏற்றினார்கள். பானெட்டில் ஓட்டை போடுவது என்று முடிவாயிற்று. இந்த இடத்தில் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன் தொழில் கைகொடுக்கும் என்று ஒரு நம்பிக்கை. லென்ஸுக்கு அளவெடுப்பதுபோல், மயிரிழை பிசகாமல் அளவெடுத்தார். வழவழவென்று ஒரு நீள்வட்டத்தை அட்டையில் வெட்டி மச்சினனிடம் கொடுத்தார். “வலது பக்கம், ஓரத்துல இருந்து ஒரு சாண் தள்ளி” என்று சொல்லிவிட்டு, ஒரு வாடிக்கையாளர் போன் செய்ததால் உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது ஓட்டை தயார். சுத்தமான ஓட்டை. பானெட்டைப் பொருத்தி மூடினார்கள். என்ஜின் ஒரு பக்கம் முட்டியது. ஓட்டை இன்னொரு பக்கம் வானத்தைப் பார்த்தது.

“வலது பக்கம்னு சொன்னேனே?”

“வலது பக்கம்தான் வெட்டினேன்.” மச்சினன் காருக்கு முன்னால் நின்று, தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

“அது உன் வலதுடா. நான் சொன்னது அதோட வலது.”

“எதோட?”

“காரோட. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவரோட வலது கண்ணைத்தான் வலது கண்ணுன்னு எழுதுவோம். என் வலதையா எழுதுவேன்?”

“கார் என்ன உங்ககிட்ட கண்ணாடி போடவா வந்திருக்கு?”

இன்னொரு ஓட்டையும் போட்டார்கள். இப்போது காரின் நெற்றியில் ஒரே அளவில், ஒரே வடிவில், மூக்குக்கு இடம் விட்டு இரண்டு நீள்வட்டங்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டம்மா மதில்மேல் எட்டி, “வண்டிக்கும் கிட்டப்பார்வையா?” என்று கேட்டார்.

அது போகட்டும். என்ஜினின் நீளம் அதிகம். ரேடியேட்டரை முன்னால் தள்ளினார்கள். ரேடியேட்டர் முன்னால் போனதும் பேட்டரிக்கு இடம் இல்லாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் பேட்டரியைக் காருக்குள் கொண்டுவந்து, பக்கத்து இருக்கையில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில் வைத்தார்கள்.

“அக்கா காலை மடக்கி உட்கார்ந்துப்பாங்க” என்றான் மச்சினன்.

பிறகு கியர்க் கம்பி. பழைய என்ஜினுக்கு அது இருந்த இடம் வேறு. இதனுடைய கியர்பாக்ஸ் நீளமானது. கம்பி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், நன்றாகப் பின்னால் தள்ளி முளைத்தது. முதல் கியர் போட்டால் பக்கத்து இருக்கையின் விளிம்பில் இடித்தது. விளிம்பை வெட்டினார்கள். இரண்டாவது கியருக்கு இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். மூன்றாவதற்கு வெட்டியபோது இருக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

“அக்கா சாஞ்சு உட்கார்ந்துப்பாங்க.”

“காலை மடக்கி, சாஞ்சு, மடியில கட்டிலை வச்சுக்கிட்டா? அவளே கைகால் பயிற்சி சொல்லிக்கொடுக்கறவடா. கடைசியில அவளுக்கு யார் சொல்லிக்கொடுப்பாங்க?”

ரேடியேட்டரைத் திருப்பிப் பார்த்தார்கள், பேட்டரியைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து நீளம் குறைத்து வாங்கி மாட்டினார்கள். அது ஒன்றுதான் எந்த வம்பும் பண்ணாமல் உட்கார்ந்தது. ஆனால் கியர் போகவேண்டிய இடத்துக்குப் போக ஒரே ஒரு வழிதான் மிஞ்சியது. சனிக்கிழமை, பக்கத்து இருக்கையை மொத்தமாகக் கழற்றி வெளியே வைத்தார்கள்.

அதன்பிறகு சாவி போட்டார்கள். மச்சினன் திருகினான். என்ஜின் ‘கெக்’ என்றது. மறுபடி திருகினான். மறுபடியும் ‘கெக்’. அவன் முகம் விழுந்தது.

“தள்ளு” என்றார் அவர். உட்கார்ந்தார். பெடலைப் பாதி மிதித்தார். சாவியைத் திருப்பி, அப்படியே ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். பிறகு மீதியைத் திருப்பினார். என்ஜின் ஒரு தும்மல் போட்டுவிட்டு எழுந்தது. சிவப்புக் காரின் தடித்த சைலன்சர் வழியாக வந்த உறுமலில் ஷெட்டின் தகரக்கூரை அதிர்ந்தது.

மச்சினன் அவர் காலைத் தொடாத குறை. “ஒரு மூச்சு நிறுத்தணும்னு உங்களுக்கு எப்படி அத்தான் தெரிஞ்சது?”

“கேட்டுக்கணும்டா. இது ரேஸ்ல ஓடினது. அதட்டினா வராது.”

உறுமல் அடங்கியதும் சந்தோஷமும் அடங்கியது. கார் ஓடும். ஓட்டுபவரைத் தவிர வேறு யாரும் உட்கார முடியாது. எதற்காக இத்தனை கூத்து நடந்ததோ அந்த ஒரு இருக்கை மட்டும் வெளியே தரையில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி ஷெட்டுக்கு வந்தபோது, அவர் அந்தக் கழற்றிய இருக்கையின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்பேனர். அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை.

“என்ன ஆச்சு?”

“ஓடுது.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

அவர் எழுந்து, கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்து, அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே சொன்னார். “உனக்குன்னுதான் ஆரம்பிச்சேன். ஒண்ணைச் சரி பண்ணா ஒண்ணு இடிச்சுது. எல்லாம் சரியாச்சு, உன் இடம் மட்டும் போயிடுச்சு. உன்கிட்ட கேக்காம அந்த வண்டியைக் கொடுத்தது தப்பு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரலை.”

மனைவி எழுந்துபோய்க் காருக்குள் எட்டிப் பார்த்தாள். இருக்கை போன இடம் காலியாக, நீளமாக இருந்தது. பேட்டரியின் மேல் மச்சினன் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து மூடியிருந்தான். அவள் உள்ளே போய் மடக்குக் கட்டிலை எடுத்து வந்தாள். கதவைத் திறந்து, அதைச் சாய்த்து உள்ளே தள்ளினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் போய் உட்கார்ந்தது. அதன்மேல் ரப்பர் பட்டைப் பை. பக்கத்தில் ஊன்றுகோல்கள்.

“சரியா இருக்கே” என்றாள்.

“உனக்கு இடம்?”

“நான்தானே ஓட்டப்போறேன். பெரியம்மாவை யார் ஓட்டினாங்க, நீங்களா?”

“எப்பவாவது ஞாயித்துக்கிழமை ஓட்டியிருக்கேனே” என்றவர், மெதுவாகக் கேட்டார்: “அப்ப நான் எங்கே உட்காருவேன்?”

“நீங்க எதுக்கு உட்காரணும்? உங்க கடை நடக்கிற தூரம்தானே. டாக்டர் உங்களை நடக்கத்தானே சொன்னார்.”

இந்த ஏற்பாட்டை ஒரு வாரம் முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த இருக்கையை வெட்டாமலாவது கழற்றியிருக்கலாம். ஆனால் அப்போது சொல்லியிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார் என்பதும் அவருக்கே தெரியும்.

கிரேனை எடுக்க லாரிக்காரர் வந்து வாசலில் நின்றார். மச்சினன் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். மனைவி சமையலறை ஜன்னலில் இருந்த கறுப்புக் குமிழைக் கொண்டுவந்து, மொட்டையாக நின்ற கியர்க் கம்பியின் உச்சியில் வைத்துத் திருகினாள். அது சிக்கென்று பொருந்தியது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பெரியம்மாவின் நினைவாக எடுத்து வைத்ததை எடுத்துப் போட்டுவிட்டாளே, அப்படியானால் மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம் என்று நினைத்தார். கண் கலங்கியது. பெட்ரோல் வாசனை என்று சொல்லிச் சமாளித்தார்.

அவள் உட்கார்ந்தாள். பெடலைப் பாதி மிதித்து, சாவியைத் திருப்பி, ஒரு மூச்சு நிறுத்தி, மீதியைத் திருப்பினாள். என்ஜின் தும்மிவிட்டு எழுந்தது.

“பார்த்தியா” என்றார் அவர் மச்சினனிடம். “நேத்து நான் ஸ்டார்ட் பண்ணினதை ஜன்னல் வழியாப் பார்த்தே கத்துக்கிட்டா.”

மனைவி காரை மெதுவாக வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். நெற்றியில் கண்ணாடி மாட்டிய சிவப்புக் கார், விளக்குகளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவள் கதவின் மேல் முழங்கையை ஊன்றி, கணவரைக் கூப்பிட்டாள். பரிசோதனை அறையில் அவர் கேட்பாரே, அதே குரலில், அதே நிதானத்தில் கேட்டாள்.

“நல்லாக் கேட்டுட்டு, யோசிச்சுச் சொல்லுங்க. இந்த என்ஜின் நல்லாருக்கா, முன்னாடி நம்மகிட்ட இருந்தது நல்லாருக்கா?”

அவர் யோசிக்கவே இல்லை. “இது என்ன கேள்வி? இதுதான். அந்த எருமையோடது ஏணி வச்சாலும் இதை எட்டாது. அது படுமோசம்.”

“சரிங்க சார்” என்றாள் மனைவி.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வர, ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துகொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. எதற்குச் சிரிக்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, அவரும் சேர்ந்து சிரித்தார்.

“பேக்கரிக்காரரைப் பார்த்துட்டு வந்துடறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, வரலைன்னு சொல்லிடலாம்” என்றபடி அவள் கியரை மாற்றினாள். கார் தெருமுனைவரை போய், வலதுபக்கம் திரும்பி மறைந்தது. வலதுபக்கம் திரும்பியதில் மச்சினனுக்குத் தனிச் சந்தோஷம்.

கண்ணாடிக்கடைக்காரர் இடுப்பில் கைவைத்து, உறுமல் தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கிரேனை லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்த லாரிக்காரர் பக்கம் திரும்பினார்.

“பார்த்தீங்களா, எப்படிப் போகுதுன்னு? முதல் நாளே எனக்குத் தெரிஞ்சுது. கையை வச்ச உடனே எனக்கு அது பிடிபட்டுது.”

“அப்படிங்களா.”

“உங்க முதலாளிகிட்ட நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன்னு சொல்லுங்க. ஆமா, இப்பவாவது சொல்லுங்களேன், அது எந்த ரேஸ் வண்டியில இருந்து எடுத்தது?”

லாரிக்காரர் கயிற்றை முடிந்துவிட்டு, மனைவி போன திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“ரேஸ் எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. போன மாசம் இதே வாசல்லேருந்து நான் கட்டி இழுத்துட்டுப் போனேனே, உங்க பெரியம்மா, அவங்ககிட்டேருந்து கழட்டினதுங்க.”